பால்வண்டிக்காரரின் வலது கால்

காலில் போட்ட கட்டைப் பிரித்ததும் முதலில் பஞ்சை முகர்ந்து பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மெல்ல மூச்சை இழுப்பார். கொதிக்கிற பாத்திரத்தின் ஆவியை வைத்தே உப்பு போதுமா என்று சொல்லிவிடுகிற சமையல்காரரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். பிறகு பஞ்சை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார். வெளிர் மஞ்சள் என்றால் ஒரு பெருமூச்சு, அதன் பின்னால் ஒரு தேநீர். பச்சை கலந்திருந்தால் தேநீரும் இல்லை. அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுப்பதில்லை.

நகரப் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது. பால்வண்டி என்றால்தான் தெரியும். விளிம்பு வரைக்கும் நிரப்பிய பால் கேன்களை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுகிறார் என்று யாரோ கேலியாக வைத்த பெயர். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். “ஓடுறதுக்கென்ன, எல்லா வண்டியும் ஓடும். நிக்கணும் பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு” என்பார். அவர் பிரேக் பிடித்தால் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறவர்கூடத் தள்ளாட மாட்டார். அந்த வித்தை முழுவதும் அவருடைய வலது காலில் இருந்தது.

அந்தக் கால்தான் போயிற்று. சாலையில் அல்ல. சாலை அவரை ஒன்றும் செய்யவில்லை. பணிமனையில் வண்டி கழுவும் இடத்தில், சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பு இரண்டாகிவிட்டது. தகடு வைத்து முடுக்கினார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் தகட்டோடு கூட வேறொன்றும் உள்ளே போயிருந்தது. கணைக்காலில் மிளகு அளவுக்கு ஒரு துளை விழுந்து, அதிலிருந்து நீர் கசிய ஆரம்பித்தது. தகட்டை எடுத்தார்கள். எலும்பைச் சுரண்டினார்கள். மாத்திரை, ஊசி, அதைவிடப் பெரிய ஊசி என்று மருந்துகள் வந்து போயின. ஒவ்வொரு முறையும் துளை மூடும். அவர் வெள்ளையும் சொள்ளையுமாக உடுத்திக்கொண்டு பணிமனைக்குப் போய், மேலாளரிடம் வண்டி கேட்பார். அடுத்த மழைக்குள் துளை திறந்துவிடும்.

கிருமிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் குடித்தனக்காரன். “வாடகையும் குடுக்க மாட்டேங்கிறான், காலியும் பண்ண மாட்டேங்கிறான்” என்று அவராகவே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சிரித்தால் பிடிக்காது.

இப்போது பணிமனையில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மற்ற ஓட்டுநர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கிறார். காலுக்கென்று எதிரே தனியாக ஒரு நாற்காலி. அதில் யாராவது உட்கார வந்தால், “அங்க ஆள் இருக்கு” என்பார். வேறு யாருடைய வண்டியில் ஏறினாலும் முன் இருக்கையில் உட்கார்ந்து, திருப்பம் வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். காய்ச்சல் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருக்கிறது. முதலில் தன் புறங்கையை நெற்றியில் வைப்பார். பிறகு மனைவியின் கையை இழுத்து வைப்பார். அதன் பிறகுதான் தெர்மாமீட்டர். மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்புவார். ஒத்துப்போகாத நாளில் மூன்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

போன வருடம் எலும்பு டாக்டர் அவரையும் அவர் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். இனிமேல் கொடுக்க மருந்து கைவசம் இல்லை, எதைக் கொடுத்தாலும் கிருமி அசைந்து கொடுக்கவில்லை, இது இரத்தத்தில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார். செயற்கைக் கால் வைத்துக்கொண்டு நடக்கலாம், படி ஏறலாம் என்று பொறுமையாகச் சொன்னார். பேருந்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

மனைவி ஒரு மாணவர் விடுதியில் சமைக்கிறவர். நாள்தோறும் மூட்டை மூட்டையாகக் காய் நறுக்குகிற கை. முடிவெடுக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னார்: “அழுகின பக்கத்தை அறுத்துப் போட்டாத்தான் மிச்சம் நிக்கும். நான் தினம் பாக்கிறேன்.” அவர் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஆறிப்போயிற்று.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்போது எலும்பு டாக்டரே, மனசு கேட்காமலோ என்னவோ, அதே மருத்துவமனையின் பின்கட்டில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார். எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளுக்காக நடக்கும் ஆராய்ச்சி அது. அங்கே இருந்த டாக்டர் ஒல்லியான ஒரு பெண். ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவர் போலக் கான்வாஸ் ஷூ, மூச்சு விடாத பேச்சு. மனிதருக்குக் காய்ச்சல் கொண்டுவருகிற வைரஸ் இருப்பதுபோல, கிருமிகளைப் பிடித்துத் தின்கிற வைரஸும் இருக்கிறது என்றார் அவர். அது மனிதரைத் தொடாது. தனக்கென்று வாய்த்த கிருமியை மட்டும் தேடிப்போய்க் கொல்லும். எங்கே கிடைக்கும் என்று இவர் கேட்டார். கிருமி எங்கே அதிகமோ அங்கே, சாக்கடையில் என்றார் டாக்டர்.

மனைவி எழுந்து நின்றுவிட்டார். “சாக்கடைத் தண்ணியையா இவருக்கு ஏத்தப் போறீங்க?”

டாக்டர் சிரிக்கவில்லை. அதிலிருந்து பிரித்து, சுத்தம் செய்து, பலமுறை சோதித்த பிறகுதான் ஏற்றுவோம் என்று விளக்கினார். இதுவரை சிலருக்குத்தான் கொடுத்திருக்கிறோம், சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை, உங்களுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது என்றார். வேண்டாம் என்று எப்போது தோன்றினாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். இவருடைய காலிலிருந்து சீழ் எடுத்து அனுப்பினார்கள்.

கையிருப்பில் இருந்த வைரஸ்களில் ஒன்றுகூடக் குடித்தனக்காரனைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாகத் தேட வேண்டும் என்றார்கள். அந்த நாட்களில் அவர் தெருவில் நடந்தால் மூடி போட்ட சாக்கடைகளைக் கண்டு நின்று நின்று போனார். பணிமனையில் சாவி மாற்றிக் கொடுத்தார். கைபேசி ஒலித்தால் எடுக்கத் தயங்கினார். ஒலிக்காவிட்டால் பழுதாகிவிட்டதோ என்று பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார்.

ஒருநாள் காலையில் ஆராய்ச்சி டாக்டர் வரச்சொன்னார். கையகலக் கண்ணாடித் தட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தட்டு முழுக்கப் பனி படர்ந்தாற்போல மங்கல். அதுதான் அவருடைய கிருமி. அந்த மங்கலுக்கு நடுவே இங்கும் அங்குமாகத் தெளிந்த சிறு வட்டங்கள். புதிதாகக் கிடைத்த வைரஸ் தின்று தீர்த்த இடங்கள். இவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பனி படிந்த முன்கண்ணாடி மேல் முதல் மழைத்துளிகள் விழுவதை எத்தனை காலைகளில் பார்த்திருக்கிறார். “தெரியுது, ரோடு தெரியுது” என்றார் மெதுவாக.

வீட்டில்தான் பெரிய வழக்கு. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும் என்றார் அவர். மனைவி கூடையில் இருந்த துணி முழுவதையும் மடித்து முடித்தார். பிறகு, “காலு உங்களோடதுதான். இல்லைன்னு சொல்லலை. ஆனா நீங்க எங்களோடவரு” என்றார். கடைசியில் ஒப்பந்தம் ஒன்று ஆயிற்று. ஒருமுறை முயன்று பார்க்கலாம். கிருமி இரத்தத்தில் இறங்கினால் மறுபேச்சு இல்லை, மனைவி சொல்வதுதான். அவர் தலையாட்டினார். தலையாட்டியபோது கை தானாக முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

காலைத் திறந்து சுத்தம் செய்து, வைரஸ் கலந்த மருந்தைக் கை நரம்பு வழியாக ஏற்றினார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருந்தது. “இதுக்குள்ளயா இருக்கான்?” என்று பையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மதியச் சாப்பாடு வந்த நேரத்தில் உடம்பு உதறத் தொடங்கியது. கட்டில் கிடுகிடுத்தது. மனைவி ஓடிப்போய் டாக்டரைக் கையோடு இழுத்துவந்தார். கிருமி கூட்டமாகச் சாகும்போது இப்படிக் குளிர் வருவதுண்டு; இரத்தத்தில் இறங்கினாலும் இப்படித்தான் வரும்; எது என்று இரத்தச் சோதனை வந்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

“உங்களுக்கு என்ன தோணுது?” என்று மனைவி கேட்டார்.

“எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. நான் இங்கேயேதான் இருப்பேன்.”

சொன்னபடியே டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முதல் மனைவிக்கு அந்தப் பெண்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் பயம் என்று வாய்விட்டுச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். சாயங்காலத்துக்குள் உதறல் அடங்கியது. இரத்தம் சுத்தம் என்று முடிவு வந்தது.

அதன் பின் பஞ்சு வெளுக்கத் தொடங்கியது. மஞ்சள் போய், வெளிர் மஞ்சள் போய், ஒரு வாரம் வெறும் பஞ்சாகவே வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குடித்தனக்காரன் காதில் விழுந்துவிடும் என்பதுபோல இருந்தார். ஒருநாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தில், பஞ்சின் ஓரத்தில் மீண்டும் பச்சை.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கிருமி மாறிவிட்டது, இந்த வைரஸ் இனி அதை ஒன்றும் செய்யாது என்று சொன்னார். இவர் எழுந்து வெளியே வந்து, மருத்துவமனை வாசலில் கார்கள் வந்து நிற்பதையும் போவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி எலும்பு டாக்டரின் அறைக்குத் தனியாகவே போய்ப் புதிய நாள் வாங்கிவந்தார். வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரும் சேர்ந்து பையில் துணி எடுத்து வைத்தார்கள். வாசலில் வலது கால் செருப்பையும் எடுத்து வைப்பதா வேண்டாமா என்று மனைவி ஒரு கணம் தடுமாறியதை அவர் பார்த்துவிட்டார். “வை. போகும்போது போட்டுட்டுத்தானே போகணும்” என்றார்.

அறுவை சிகிச்சைக்குச் சேர வேண்டிய நாளுக்கு முந்தின மதியம் ஆராய்ச்சி டாக்டர் கூப்பிட்டார். வழக்கத்தைவிட வேகமாகப் பேசியதால் இவருக்குப் பாதி புரியவில்லை. கைபேசியை மனைவியிடம் கொடுத்தார். அவர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். விஷயம் இதுதான். கிருமியின் மேல் ஒரு குழாய் உண்டு. எந்த மருந்து உள்ளே வந்தாலும் அதன் வழியாக இறைத்து வெளியே கொட்டிவிடும். இந்த வைரஸ் வந்து பிடித்துக்கொள்வதும் அதே குழாயைத்தான். வைரஸிடமிருந்து தப்பிக்கக் கிருமி அந்தக் குழாயையே கழற்றிப் போட்டுவிட்டது. இப்போது சோதித்துப் பார்த்தால், எப்போதோ தோற்றுப்போன பழைய மருந்து ஒன்று அதைக் கொல்கிறது.

மனைவி அதைத் தன் பாஷையில் அவருக்குச் சொன்னார். அவர், “திருடனுக்குப் பயந்து வாசலை அடைக்கப் போயி, கொல்லைக் கதவைத் திறந்து வச்சிட்டான்” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. இதுவும் கைவிட்டால் அப்புறம் என்ன என்ற கேள்வி கண்ணில் நின்றது. அறுவை சிகிச்சையை இன்னொரு முறை தள்ளிப்போடச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. மனைவிதான் பையை அவிழ்த்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

பழைய மருந்து இலேசுப்பட்டது அல்ல. சிறுநீரகத்தைக் கெடுக்கும், காதைக் கெடுக்கும் என்று அடிக்கடி சோதித்துக்கொண்டே ஏற்றினார்கள். காதில் ஏதோ ரீங்காரம் கேட்பதாக அவர் ஒருநாள் பதறினார். விசாரித்தால் அறையின் மின்விசிறி. வாயெல்லாம் தகரம் கடித்த மாதிரி இருக்கிறது என்று சாப்பாட்டை ஒதுக்கினார். பஞ்சு மஞ்சளாயிற்று, வெளுத்தது, காய்ந்தது. துளை உட்பக்கமிருந்து மெல்ல ஏறி வந்து, பளபளப்பான இளஞ்சிவப்புத் தோலாக மூடிக்கொண்டது. மழைக்காலம் வந்து போயிற்று. தோல் திறக்கவில்லை.

பேருந்து இன்னும் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் போகட்டும், பார்க்கலாம் என்கிறார் பணிமனை மருத்துவர். இவரும் அவசரப்படுத்துவதில்லை. குளிக்கும்போது அந்த இடத்தில் விரல் படாமல் சுற்றிச் சுற்றிச் சோப்புப் போடுகிறார்.

போன வாரம் ஸ்கேன் பார்க்கப் போயிருந்தார்கள். ஆராய்ச்சி டாக்டர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கிருமி எங்கேயும் கண்ணில் படவில்லை என்றார். குணமாகிவிட்டதா என்று மனைவி கேட்டார். அந்த வார்த்தையை இன்னும் சொல்ல மாட்டேன், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். ஆனால் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்திருந்தது.

வெளியே தாழ்வாரத்தில், மனைவியால் அடக்க முடியவில்லை. அங்கேயே நின்று தன் அக்காவுக்குப் போன் போட்டார். “அக்கா, நான்தான். பாத்துட்டோம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க, இவருக்கு எல்லாம் குணமா…”

அவர் எட்டி மனைவியின் வாயைக் கையால் பொத்தினார். பக்கத்துப் பெஞ்சில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனில் அக்கா, “ஹலோ, என்ன சொன்னாங்க, ஹலோ” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளங்கைக்குக் கீழே மனைவி சிரிப்பது அவருக்குத் தெரிந்தது. அப்புறம் கை நனைவதும் தெரிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.