மாட்டுக்கு விதைத்த வயல்

இந்த நாட்டில் மாட்டுக்குத் தீனி விதைக்க வேண்டுமென்றால், முதலில் மாடு மேய்கிற புல்லைக் கொல்ல வேண்டும். வசந்தம் பிறந்ததும் மாடுகளை விட்டு ஒட்ட மேயவைத்தோம். பிறகு நான் மருந்து அடித்தேன். ஒரு சில கிழமைகளில் பச்சைப் படொக் முழுவதும் மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆயிற்று. படொக் என்றால் மேய்ச்சல் நிலம். வந்த புதிதில், நெல்லுக்கான ஆங்கிலச் சொல்லைத்தான் இவர்கள் இப்படி இழுத்துச் சொல்கிறார்கள் என்று நம்பி, நமக்குத் தெரிந்த வேலைதான் என்று துள்ளிக் குதித்தவன் நான். ஒக்லண்டில் ஏது நெல்!

எங்கள் வீடு நகரின் ஓரம், ரானுயியில். பண்ணை அங்கிருந்து வடக்கே. முதலாளி கிரகாம் அதிகம் பேசாத மனிதர். என் வேலை விசா அவர் பெயரில்தான் நிற்கிறது. மனைவி வதனியும் மகளும் இந்த நாட்டில் இருப்பது என் விசாவில் தொங்கிக்கொண்டு. இங்கே விதைப்புக்கு உழவு கிடையாது. செத்த புல்லை இயந்திரம் கீறிக்கொண்டு போக, கீறலுக்குள் ஓட்ஸ் விழுகிறது. வதனி காலையில் மகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் அதே ஓட்ஸ். முளை வெளியே தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் அதைப் பயிர் என்றேன். கிரகாம் ஃபீட் என்றார், அதாவது தீனி. கதிர் முற்றுமுன்னே பச்சையாக வெட்டி, சுற்றிக்கட்டி, குளிர்காலத்துக்கு வைப்பதாகத் திட்டம்.

மழை பொய்த்தது. மற்றப் படொக்குகளில் புல் கருகியது. ஒரு மாலை கிரகாம், நாளையிலிருந்து மாடுகள் "ஓன் த ஓட்ஸ்", அதாவது ஓட்ஸில், என்றார். கொட்டிலில் மிஞ்சிக் கிடந்த சாக்கு ஓட்ஸைத் தொட்டியில் போடப்போகிறார் என்று விளங்கிக்கொண்டு தலையாட்டினேன். இங்கே எனக்குப் பழகிப்போன வேலை தலையாட்டுவதுதானே.

எங்கள் ஊரில் பயிருக்குள் மாடு இறங்குவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. வன்னியில் பக்கத்து வயல்காரரின் மாடு ஒருமுறை வரம்பு தாண்டியதற்காக அப்பா ஊர் அதிகாரி விதானையாரிடம் முறையிடும் வரை போனவர். அந்த மனிதரோடு பிறகு செத்தவீட்டில்கூட முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்படிப்பட்ட அப்பா, ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்த நாளில், எங்கள் மாடுகளின் கயிறுகளை அறுத்து, பால் பிடித்து நின்ற நெல்லுக்குள் தானே சாய்த்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"இனி ஆர் வந்து அறுக்கிறது? அதுகளாவது தின்னட்டும்," என்றார் அப்பா.

இனி இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு வந்த முகாமோ நாடு விட்டு வந்ததோ எதுவும் அந்த அளவுக்கு என்னை உலுக்கவில்லை. இன்றைக்கும் பயிருக்குள் மாட்டைக் கண்டால் என் கை தடியைத் தேடும்.

மறுநாள் காலை பண்ணையில் போய் இறங்கினேன். ஓட்ஸுக்குள் மாடுகள். முழங்கால் உயரப் பயிரை வளைத்து வளைத்துத் தின்றுகொண்டிருந்தன. வேலி உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். "ஐயோ, மாடு இறங்கிட்டுது!" என்று, தமிழ் தெரிந்த ஒரு சீவனும் இல்லாத அந்த வெளியில் கத்திக்கொண்டு, தடியோடு ஓடினேன். மாடுகள் வெருண்டு சிதறின. ஒரு கன்றுத்தாய்ச்சிப் பசு, வயிற்றுக் கன்றோடு, வாய்க்காலுக்குள் விழுந்து முன்னங்கால் முறிந்தது.

கிரகாம் வந்து பார்த்தார். திரும்பிப் போய்த் துவக்கை எடுத்து வந்தார். இங்கே அப்படிக் கால் முறிந்த மாட்டுக்கு வைத்தியம் அதுதான். சுட்டு முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"கௌஸ் ஈட்டிங் த க்ரொப்," என்றேன். மாடு பயிரைத் தின்கிறது என்று.

"இட்ஸ் நொட் எ க்ரொப், மேட். இட்ஸ் ஃபீட்." பயிர் இல்லை, தீனி; முந்தின நாள் அவர் சொன்னது இந்த வயல் ஓட்ஸை, மாடுகளை இறக்கியதும் அவரேதான்.

அப்பாவின் கதையைச் சொல்லியிருக்கலாம். பால் பிடித்த நெல் என்பதற்கு நான் ஆங்கிலம் தேடி முடிப்பதற்குள் அவர் செத்த பசுவை இழுக்கச் சங்கிலி எடுக்கப் போய்விட்டார்.

மாலையில் கூப்பிட்டுத் தேநீர் தந்துவிட்டுத்தான் சொன்னார். ஓட்ஸ் இருக்கும்வரை வேலை செய்யலாம். தீர்ந்ததும் மாடுகளை விற்கிறார், என் விசாவைப் புதுப்பிக்க அவர் பொறுப்பு நிற்க மாட்டார். அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இப்போது காலையில் என் முதல் வேலை, மின்கம்பி வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு மாடுகளுக்குப் புதுப் பச்சையைத் திறந்துவிடுவது. வீட்டுக்கு வந்தால் வதனி சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை.

"என்னப்பா, இன்னும் எவ்வளவு பச்சை கிடக்கு?"

"கிடக்கு," என்கிறேன்.

கிரகாம் சொன்ன அளவிலும், காலை வைத்து அளந்து, ஓர் எட்டுக் குறைத்தே வேலியைப் போடுகிறேன். களவுதான், தெரியும். அந்த ஓர் எட்டில் நாங்கள் மூவரும் இன்னும் கொஞ்சம் இந்த நாட்டில் இருப்போம். மாடுகள் விறுவிறென்று மேய்ந்து முடித்துவிட்டுக் கம்பியடிக்கு வந்து, என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்குகின்றன. நான் மீதிப் பயிருக்குள் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கத்தல் நிற்பதாக இல்லை. பசி என்றால் என்னவென்று அறியாதவனா நான்? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வேலியைப் பிடுங்கி, அந்த ஓர் எட்டையும் அவற்றுக்கு விட்டுத் தள்ளிப் போடுகிறேன்.