மாமனார் அறையில் நாலே பட்டன்

போன ஞாயிறு, சத்துவாச்சாரியில் பக்கத்து வீட்டு டேனியல் வீட்டில் ஜெபக்கூட்டம். சர்ச் ஐயர் கண்மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று ஹால் ஸ்பீக்கரில் பழைய சினிமா டூயட்... அதுவும் நல்ல சத்தமாக.

விஷயம் இதுதான். டேனியல் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் பார்ப்பவர். வெளிநாட்டு மச்சான் அனுப்பிய வயர் இல்லாத ஸ்பீக்கர்கள் ஹாலில் ஒன்று, மாமனார் அறையில் ஒன்று. இயக்க ஒரு ரிமோட், அதில் குட்டித் திரை. மாமனாருக்கோ பார்வை போய்விட்டது. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், ரோஷக்காரர். ஒவ்வொரு பாட்டுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டும் என்பதால் பாட்டு கேட்பதையே நிறுத்திவிட்டார்.

"பாட்டு போடட்டுமா மாமா?"

"வேணாம்பா. உனக்கு வேலை ஜாஸ்தி."

பக்கத்திலேயே ஸ்பீக்கர் இருந்தும் மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும்.

டேனியல் இன்டர்நெட்டில் தேடினார். முகம் தெரியாத சிலர் அந்த ஸ்பீக்கருக்கு உத்தரவு போடும் புரோகிராம்களை ஒரு லைப்ரரியாகத் தொகுத்து வைத்திருந்தார்கள். பாடு, நிறுத்து, அடுத்த பாட்டு, சத்தம் கூட்டு – எல்லாம் ரெடி. எப்படி எழுதினோம் என்பதையும் திறந்து காட்டி, 'எடுத்துக்கொள், மாற்றிக்கொள்' என்று இலவசமாக விட்டிருந்தார்கள். ஓப்பன் சோர்ஸாம். நாம் பிரியாணி மசாலா அளவைக் கேட்டாலே பேச்சை மாற்றுகிறவர்கள்... இவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டாமா?

ஜெபக்கூட்டத்துக்கு முந்தின ராத்திரிதான் டேனியல் அதை வைத்து ஒரு புரோகிராம் எழுதினார். பழைய கீபோர்டில் நாலு பட்டனை விட்டு மற்றதையெல்லாம் பிடுங்கினார். தடவிப் பார்த்தே அழுத்தலாம். கம்ப்யூட்டரில் இருந்த பாட்டு முழுக்க மாமனார் கைக்கு வந்துவிட்டது.

ஒரே ஒரு தப்பு. எந்த ஸ்பீக்கர் என்று குறிப்பிட மறந்துவிட்டார். உத்தரவு ஹாலுக்கும் சேர்த்தே போனது.

ஞாயிறு அன்று மாமனாருக்குக் காய்ச்சல். ஐயர் முதலில் அவர் அறையில் ஜெபித்துவிட்டு ஹாலுக்கு வந்திருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து வாத்தியார் பட்டனை அழுத்தியிருக்கிறார்.

டேனியல் மனைவி ஸ்டெல்லா உள்ளே ஓடினார். பின்னாலேயே நாங்களும்.

"இன்னாப்பா இது? எங்ககிட்ட எப்பவும் கீர்த்தனைதான கேப்பீங்க?"

வாத்தியார் பட்டனைத் தடவிப் பாட்டை நிறுத்தினார்.

"டூயட் போடுன்னு மருமகன்கிட்ட எப்படிம்மா கேக்கறது?"

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

சாயங்காலமே டேனியல் புரோகிராமைத் திருத்தினார் – ஹாலைக் கழற்றிவிட்டு, டூயட்டுக்கென்றே ஐந்தாவதாக ஒரு பட்டன்.