அக்கா கொடுத்துவிட்ட தண்ணீர்

வாராவாரம் பேப்பரில் அறிவியல் பக்கம் எழுதுவது என் பிழைப்பு. திண்டுக்கல்லில் ஒரு வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, செவ்வாயில் ஆறு ஓடிய தடத்தைப் பற்றியும் நிலவின் துருவப் பள்ளங்களில் உறைந்து கிடக்கும் பனியைப் பற்றியும் எழுதுவேன். விண்வெளிச் செய்திகளில் பாதி தண்ணீர்ச் செய்திதான். ஏதோ ஒரு கோளில் நீராவி இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் போதும், ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. எனக்கும்தான். எங்கள் தெருக்குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று கேட்டால் மட்டும் மனைவியைக் கூப்பிடுவேன்.

நான் எழுதுவதை ஒரு வாரம்கூட விடாமல் படித்தவர் என் அக்காவின் கணவர். டவுனிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் அவர்கள் ஊர். மல்லியும் தக்காளியும் போட்டிருந்தார். டீக்கடையில் பேப்பரை விரித்து, சுற்றி இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சத்தமாகப் படிப்பார். சந்தேகம் வந்தால் அங்கிருந்தே எனக்குப் போன் போடுவார். ஐந்து வருடம் இருக்கும், ஒருநாள் மாமா கேட்ட சந்தேகம் வேறு மாதிரி இருந்தது.

"நெலாவுல தண்ணி இருக்குங்குறீக, சரி. நம்ம கெணத்துத் தண்ணி மஞ்சளாகிட்டே வருது மாப்ள. காய்ச்சுனா சட்டியில வெள்ளையா அப்புது. இதக் குடிக்கலாமா வேணாமானு செத்தப் பாத்துச் சொல்லுங்க."

ஏழெட்டு வீடுகளுக்கு அந்தக் கிணறுதான் குடிதண்ணீர். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு இறங்கிவிட்டது என்றார்கள் சிலர். மழை இல்லாததால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள் சிலர். மாமா பயந்துபோய், மொபெட்டில் இரண்டு குடத்தைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பொதுக்குழாய்க்குப் போய்வர ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் போனார்கள். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கிறேன் என்று நான் மாமாவிடம் சொல்லியிருந்ததால், முடிவு வரும்வரை இப்படியே ஓட்டுவோம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

நான் நேரில் போயிருக்க வேண்டும். அந்த வாரம் குறுங்கோள் ஒன்றிலிருந்து மண் எடுத்துவந்த கலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கைப்பிடி மண்ணில் பூமியின் தூசி கலந்துவிடக் கூடாது என்பதற்காக எத்தனை உறை, எத்தனை மூடி என்று உருகி உருகி எழுதினேன். நடுவில் அக்காவுக்குப் போன் போட்டு, "சுத்தமான பாட்டில்ல தண்ணி பிடிச்சுக் குடுத்து விடுக்கா" என்று சொன்னதோடு சரி. அக்கா துணிப்பையில் சுற்றிக் கொடுத்ததை மாமா அப்படியே பஸ்ஸில் கொண்டுவந்தார். பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டுக் கட்டுரையை முடிக்க ஓடினேன். பிரித்துப் பார்த்திருந்தால் தண்ணீர் மஞ்சளாக இல்லை என்பது தெரிந்திருக்கும்.

குடிக்க உகந்தது என்று முடிவு வந்தது. மாமா அந்தத் தாளை டீக்கடையில் படித்துக் காட்டினார். மறுநாள் எல்லாக் குடங்களும் கிணற்றுக்குத் திரும்பின.

போன வருடம் மாமாவுக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். "டெஸ்ட் பண்ண தண்ணிதான் சார்." அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, அன்னைக்குக் குடுத்து விட்டது கெணத்துத் தண்ணி இல்லப்பா. வீட்டுக்கு ஆளுக வந்தா குடுக்கக் கேன் தண்ணி வாங்கி வச்சிருப்போம்ல, அது."

"ஏன்க்கா?"

"அம்புட்டு மஞ்சத் தண்ணிய எப்படிக் குடுத்து விடுறது? படிச்சவுக இருக்குற எடம். இவரோட அக்கா வீட்டுல இதத்தான் குடிக்கிறாகளானு உன்னைய எளப்பமாப் பாப்பாகள்ல. அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்த நேரத்தில் அது என் பக்கமே திரும்பிவிட்டது. அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் எனக்குக் கேன் தண்ணீர்தான் வரும். அவர்கள் எதைக் குடிக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. எந்தத் தண்ணீர் வேண்டும், அது ஏன் அழுக்காகவே வரவேண்டும் என்று அவளுக்கு ஒரு வரி சொல்லவில்லை. பேப்பரில் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவன் நான். வெட்கக்கேடு.

இந்த முறை நானே போய் வாளி இறக்கி எடுத்துவந்து கொடுத்தேன். குடிக்கவே கூடாத தண்ணீர் என்று வந்தது. மாமாவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது அதுதான் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. அவருக்குச் சர்க்கரையும் உண்டு. ஒரே ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நானே பலமுறை எழுதியிருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் மற்ற வீடுகளில் இன்னும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் அங்கே போனேன். கிணற்றடியில் பக்கத்து வீட்டு அம்மா குடத்தோடு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"போன தடவை நல்ல தண்ணின்னு சொன்னதும் நீங்கதானே?"

உண்மையைச் சொன்னால் அக்கா அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"அப்ப பாட்டில் மாறிப்போச்சும்மா. என் தப்பு."

"அப்ப இதும் மாறிருக்கும்ல சார்" என்று சொல்லிவிட்டு அவர் வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.