ஓடைக்கரைக் கிழங்கும் மூன்று கைநாட்டும்

கைநாட்டு வைப்பதற்கு முன் வேலாயி அந்தத் தாளை மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுத்தாள். முதலில் இப்றாஹிம் முதலாளியின் கடையில் கணக்கு எழுதும் நஸார் வாசித்தான். அதே தாளைத் தெருவில் போன தபால்காரரை நிறுத்தி வாசிக்கச் சொன்னாள். கடைசியாக, ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்த கந்தப்பனின் கையில் கொடுத்தாள். மூன்று வாசிப்பும் ஒன்றாகவே இருந்தன. அப்படியும் அவளுக்கு மனம் ஆறவில்லை.

"மூணு பேருல ஒருத்தர் கட்டலைன்னா மத்த ரெண்டு பேரும் கட்டணும்னு எழுதியிருக்கு. அதானே?"

"அதேதான்க்கா" என்றான் கந்தப்பன்.

"அப்ப நீ ஓடிப்போனா நான் கட்டணும்."

"நான் எங்கக்கா ஓடப்போறேன்?"

1964ஆம் வருடம் ஆவணி மாதம் அது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்பிரிவில் கொழுந்து பறிப்பவள் வேலாயி. வயது நாற்பத்திரண்டு, விதவை. தேயிலை வராது என்று விட்டிருந்த ஓடைக்கரைச் சரிவை, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கய்யா சிலருக்குப் பயிர் செய்து கொள்ளக் கொடுத்திருந்தார். வேலாயிக்கு ஒரு துண்டு. அதற்கு மேலே கந்தப்பனும் அவன் மனைவி ராசம்மாவும். கீழே, ஓடையை ஒட்டி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அழகுமுத்து. மழைக்காலம் முடிந்து, காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டு வேலை கொடுப்பது குறையும் மாதங்களில் அந்தத் துண்டுதான் அடுப்பை எரிய வைத்தது. அதுவரை கோவா, லீக்ஸ் என்று மரக்கறி மட்டும் போட்டவர்கள், அந்த வருடம் உருளைக்கிழங்கு போட ஆசைப்பட்டார்கள். நுவரெலியாச் சந்தையில் கிழங்கு நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

விதைக்கிழங்குக்குக் கையில் காசில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டால் பிரஜாவுரிமைக் கடதாசி கேட்டார்கள். தோட்டத்து ஆட்கள் பலரையும் போல மூவரிடமும் அது கிடையாது. அதனால்தான் இப்றாஹிம் முதலாளியின் கடை. ஆளுக்கு நூற்று நாற்பது ரூபாவுக்கு விதையும் உரமும் கொடுத்தார். இலையில் நோய் விழாமல் தெளிக்கிற துருசையும் தேவைப்படும்போது கடனுக்கே தருவதாகச் சொன்னார். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தாள். அதில் மூன்று கைநாட்டு.

வேலாயி சும்மா சந்தேகப்படுகிற பெண் அல்ல. பதின்மூன்று வருடங்களுக்கு முன் அவள் புருஷன் பொன்னையா, பிரஜாவுரிமைக்கு மனு எழுதித் தருவதாகச் சொன்ன ஒருவனை நம்பி நோர்வூட்டுக்குப் போனான். அறுபது ரூபாவையும் வீட்டிலிருந்த பிறப்புச் சாட்சிக் கடதாசிகளையும் அவனிடம் கொடுத்துவிட்டு வந்தான். மனு எங்கும் போய்ச் சேரவில்லை. ஆளும் அதற்குப் பிறகு அகப்படவில்லை. பொன்னையா அந்த அவமானத்தோடு இரண்டு வருடம் இருந்தான். பிறகு நெஞ்சுச்சளி அவனைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து தாளையும் தாள் வைத்திருப்பவர்களையும் வேலாயி நம்பியதில்லை. கொழுந்து நிறுக்கும்போதுகூடத் தராசு முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வாள்.

கிழங்கு நன்றாக முளைத்தது. ஐப்பசியில் முழங்கால் உயரம் பச்சைப் பசேலென்று நின்றது. தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டனவாம். தோட்டத்து ஆட்களில் இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்குப் போகவேண்டுமாம். கொழுந்து மலையிலும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் அதே பேச்சுதான். யார் போவார்கள், யார் இருப்பார்கள்? கேட்டால் எல்லோரும் "தெரியலையே" என்றார்கள். தெரியவில்லை என்று யார் சொன்னாலும், இவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்றுதான் வேலாயிக்குத் தோன்றியது.

அந்தத் தீபாவளிக்கு ராசம்மா புதுச்சேலை எடுக்கவில்லை. தோட்டத்தில் கொடுத்த முற்பணம் எங்கே போனது? அடுத்த ஞாயிறு கந்தப்பன் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினான். "சும்மா ஒரு சோலியா" என்றான். மறுவாரம் அவனுடைய இரண்டு ஆடுகளும் பட்டியில் இல்லை. அதற்கடுத்த நாள், ராசம்மா தகரப்பெட்டியைத் துடைத்து வெயிலில் காயவைத்தாள். பெட்டி மூடிக்குள் புருஷனும் பெஞ்சாதியும் நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிற புதுப் போட்டோ ஒன்று இருந்ததை, தண்ணிக்குடத்தோடு போன வேலாயி பார்த்துவிட்டாள்.

"போட்டோ எதுக்கு புள்ள?"

ராசம்மா பெட்டியைச் சாத்தினாள். "ஊருல மாமியா கேட்டாங்கக்கா."

அன்று சாயங்காலமே கந்தப்பனும் அழகுமுத்துவும் ஓடைக்கரையில் குனிந்து நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வேலாயி வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது. அழகுமுத்து மடியில் எதையோ செருகிக்கொண்டான்.

கந்தப்பன் போகப்போகிறான், அழகுமுத்துவும் இதில் கூட்டு, மூன்று பேர் கடனும் என் தலையில் விழப்போகிறது. அவள் மனதில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. கந்தப்பன் பச்சைக் கிழங்கையே தோண்டி விற்றுவிடுவானோ என்று, பிரட்டுக்குப் போகுமுன் விடியலில் அவன் பாத்தியைச் சுற்றிவந்து செடிகளை எண்ண ஆரம்பித்தாள்.

சம்பளத்துக்கு மறுநாள் இப்றாஹிம் முதலாளியின் கடைக்குப் போனாள்.

"மொதலாளி, அந்தத் தாளுல இருந்து என் பேர எடுத்துருங்க."

"ஏன், என்ன நடந்துச்சு?"

"கந்தப்பன் கப்பல் ஏறப்போறான். ஆட்டை வித்தாச்சு. போட்டோ எடுத்தாச்சு."

இப்றாஹிம் பேனாவை மூடி வைத்தார். ஒப்பந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவருக்கும் சரியான தூக்கமில்லை. விதைக்கிழங்கை அவரே கொழும்பில் ஒருவரிடம் கடனுக்குத்தான் எடுத்திருந்தார். கடன்காரர்கள் எல்லாம் ஒருநாள் கப்பலேறிவிட்டால் என்ன செய்வது?

"பேரை எடுக்க ஏலாது வேலாயி. ஆனா நீங்க சொன்னது நல்லது. இனி அவருக்கு ஒண்ணும் கடனுக்குக் குடுக்கமாட்டேன்."

"நான் சொன்னேன்னு..."

"சொல்லமாட்டேன்."

அப்படியே திரும்பாமல், தன் பங்குத் துருசை வழக்கத்தைவிட ஒரு இறாத்தல் கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

கார்த்திகை பிறந்ததும் பனிமூட்டம் இறங்கியது. பகலிலும் எதிர்ச்சரிவு தெரியவில்லை. இலையெல்லாம் ஈரம். இந்த மூட்டத்தில் துருசும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்காவிட்டால் செடி கருகும் என்பது மூவருக்கும் தெரியும். கந்தப்பன் கடைக்குப் போய் வெறுங்கையோடு வந்தான். முதலாளி காசு கேட்கிறார் என்றான். முகம் சிறுத்துப்போயிருந்தது. வேலாயியின் வாசலுக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஒரு இறாத்தல் துருசு இருந்தா குடுங்க. சம்பளத்துக்குத் திருப்பித் தந்துர்றேன்."

அடுப்புக்குப் பின்னால் பொட்டலம் இருந்தது. வேலாயி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எனக்கே பத்தல தம்பி."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள் அவனுடைய மேல்பாத்தியில் இலை ஓரங்களில் கறுப்பு விழுந்தது. மறுநாள் சரிவு முழுக்க வெந்த கீரைபோல் தொங்கியது. அழுகல் வாடை லயத்து வீடுகள் வரைக்கும் வந்தது. வேலாயி தன் செடிகளுக்கு இரண்டு தடவை துருசு அடித்தாள். கூடுதலாக வாங்கியதையும் கரைத்து அடித்தாள். பயனில்லை. மேலேயிருந்து மழைத்தண்ணீரும் பனிக்காற்றும் நோயை இறக்கிக்கொண்டே இருந்தன. ஒரு வாரத்தில் அவள் பாத்தியும் கருகியது. அதற்குப் பிறகு அழகுமுத்துவுடையது.

கருகிய தண்டுகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்துவிட்டாள். துருசைக் கொடுத்திருந்தால் அவன் பாத்தி தப்பியிருக்கும். அவன் பாத்தி தப்பியிருந்தால் தன்னுடையதும் நின்றிருக்கலாம். இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மார்கழியில் மூவரும் தோண்டி, அழுகாமல் மிஞ்சிய சிறுகிழங்குகளைச் சாக்கில் கட்டிக் கடையில் இறக்கினார்கள். நூறு ரூபாவுக்குத்தான் தேறியது. இப்றாஹிம் தாளை எடுத்து வைத்தார்.

"நானூற்றி இருபதுல நூறு போச்சு. துருசுக் காசை விட்டுர்றேன். மிச்சம் முந்நூற்றி இருபது."

அழகுமுத்து மடியை அவிழ்த்து ஒரு துணி முடிச்சை மேசைமேல் வைத்தான். "இதுல எண்பது ரூபா இருக்கு மொதலாளி. கந்தப்பன் ஆடு வித்த காசு."

வேலாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் உங்ககிட்ட இருக்கு?"

கந்தப்பன் அவளைப் பார்க்காமல் பேசினான். "நாங்க இந்தியாவுக்குப் போறதுக்கு எழுதிக் குடுக்கலாம்னுதான் இருக்கோம்க்கா. அது நெசம்தான். எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாது. திடீர்னு கூப்பிட்டா கடன் உங்க ரெண்டு பேரு மேல விழுந்துருமேன்னு, ஆட்டை வித்து அண்ணன்கிட்ட குடுத்து வச்சேன். கையில இருந்தா செலவாயிரும்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

பதில் சொன்னது ராசம்மா. "சொன்னா நீங்க லயம் பூரா கேட்டுத் திரிவீங்க. கண்டாக்கய்யா காதுக்குப் போனா, போறவனுக்கு என்னத்துக்குத் தோட்டம்னு நெலத்தப் புடுங்கிருவாரு. அதான் பயந்துட்டோம்."

இப்றாஹிம் வேலாயியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளை நோக்கிக் குனிந்துகொண்டார். அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் பேசாமலே இருந்திருக்கலாம்.

"மொதலாளி துருசு தராததுக்கு நாந்தான் காரணம்" என்றாள். "நாந்தான் வந்து சொன்னேன், நீ ஓடப்போறன்னு. நீ வந்து கேட்டப்ப எங்கிட்ட துருசு இருந்துச்சு."

ராசம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். கந்தப்பன் கிழங்கு கொட்டிய வெறும் சாக்கை மடித்து வைத்தான். "மூணு பேரு வயித்துலயும் மண்ணு விழுந்துருச்சே அக்கா" என்று மட்டும் சொன்னான்.

மீதி இருநூற்று நாற்பது. மாதம் இருபது வீதம் ஒரு வருடத் தவணை கேட்டார்கள். இப்றாஹிம் தன் கொழும்புக் கடனை நினைத்தோ என்னவோ தயங்கினார்; பிறகு சம்மதித்தார். அந்த இருபதில் பத்து தன்னுடையது என்றாள் வேலாயி. மற்ற இருவரும் ஐந்து ஐந்து. யாரும் மறுக்கவில்லை.

அந்த வருடம் அவள் மதியத்தில் ரொட்டியை விட்டுவிட்டு வெறும் தேத்தண்ணி குடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தாள். ஓடைக்கரையில் கடன் இல்லாமல் லீக்ஸ் மட்டும் போட்டாள். ராசம்மா அவளோடு பேசவில்லை. அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறித்தும் பேசவில்லை. கந்தப்பன் பேசுவான், ஆனால் கேட்டதற்கு மட்டும்.

1966 தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கடைசி இருபது ரூபாவும் கட்டியாயிற்று. இப்றாஹிம் தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வேலாயி குனிந்து நாலு துண்டையும் பொறுக்கினாள்.

"என்ன வேலாயி, இன்னும் நம்பிக்கை இல்லையா?" என்று இப்றாஹிம் சிரித்தார்.

"உங்கள நம்புறேன் மொதலாளி. தாளத்தான் நம்பல."

வீட்டுக்கு வந்ததும் அவற்றை அடுப்பில் போட்டாள். பிறகு ஒரு கட்டு லீக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, நாலு வாசல் தள்ளியிருந்த ராசம்மாவின் காம்பராவுக்குப் போனாள். ராசம்மா கதவில் சாய்ந்து நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"போறதுக்குக் கூப்பிட்டுக் கடுதாசி ஏதும் வந்துச்சா?" என்று வேலாயி கேட்டாள்.

"இன்னும் வரல."

"வந்தா எனக்கு மொதல்ல சொல்லணும்."

ராசம்மா லீக்ஸ் கட்டை வாங்கி, வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"சொல்றேன்க்கா."

"நெசமாவா?" என்றாள் வேலாயி, அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு.