கை நனைத்த ஈஸ்டர்: மதுரையிலிருந்து எழுமலை வரை

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு நான் ஊருக்குப் போகவில்லை. மார்த்தாண்டத்தில் என் அம்மாவுக்கு அதில் பெரிய வருத்தம். எங்கள் வீட்டில் ஈஸ்டர் காலை என்றால் ஆப்பமும், தேங்காய்ப்பாலில் வேகும் கோழி இஷ்டுவும்தான். அதைத் தின்னாத பிள்ளைக்கு உயிர்ப்புப் பெருநாளே கிடையாது என்பது அம்மாவின் வேதம்.

நான் மதுரைக்குப் போனதற்குக் காரணம் முத்துலட்சுமி. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி. எழுமலைக்குப் பக்கத்துக் கிராமம். போன வருடம் மதுரைக்காரனான அருளைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வீடு கிறிஸ்தவ வீடு. இவள் வீட்டில் எல்லாமே மாரியம்மன்தான். "எனக்கு இது மொத ஈஸ்டர்டி. என்ன செய்யணும், என்ன திங்கணும், ஒண்ணும் தெரியாது. நீ கூட இருந்தா தைரியமா இருக்கும்" என்று போனில் சொன்னாள். சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறினேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மதுரை. ஸ்டேஷனிலிருந்து அரசரடிக்கு ஆட்டோவில் நூற்றைம்பது கேட்டார்கள். நூற்றுப் பத்துக்கு வந்தேன். (பேரம் பேசுங்கள், ஆனால் வெயில் ஏறுவதற்குள் பேசி முடித்துவிடுங்கள்.)

அந்த வீட்டில் ஈஸ்டர் எப்படி இருக்கும் என்று முத்துலட்சுமியின் மாமியார் ஸ்டெல்லா அம்மா வாசலிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார். காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். மதியம் பிரியாணி. ஆப்பமெல்லாம் கிடையாது. "ஒங்க ஊருல தேங்காப்பாலுல எல்லாத்தையும் முக்கிருவீக. இங்க குழம்புன்னா நாக்குல சுருக்குனு இருக்கணும்" என்றார். அவர் கணவர் அந்தோணி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தவக்காலம் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதையும் தொடாதவர். சனிக்கிழமை பகலில் அவர் முகத்தில் இருந்த எதிர்பார்ப்பை நான் வேறெந்தப் பெரியவர் முகத்திலும் பார்த்ததில்லை.

பதினொரு மணி வாக்கில் முத்துலட்சுமிக்கு அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. அவள் அப்பா காசியும் கையில் விரதக் காப்புக் கட்டிக்கொண்டார். பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தது நடக்காது.

அவள் போனை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஏன் என்று அருள்தான் எனக்குச் சொன்னான். கல்யாணத்துக்கு அவள் அப்பா வந்தார். மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்றார். ஆனால் கை நனைக்காமல் போய்விட்டார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர் சாப்பிடாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தென்பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன்பிறகு அவர் இந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. ஈஸ்டருக்கு வருகிறேன் என்று அவர் சொன்னதே பத்து மாதக் கெஞ்சலுக்குப் பிறகுதான்.

"அவுக வர முடியலைன்னா நாம போவோம்" என்றார் ஸ்டெல்லா அம்மா.

"போவோம். கறிக்குச் சொல்லியாச்சே?" என்றார் அந்தோணி.

"காப்புக் கட்டுன ஊருக்குக் கறியவா தூக்கிட்டுப் போவாக? இங்க தின்னுட்டு அங்க போறதும் மரியாதை இல்ல."

"ஏய், நாப்பது நாளு! ஒரு கருவாடு கூடத் தொடலடி!"

"நாப்பது நாளு இருந்தவருக்கு இன்னொரு நாளு இருக்க முடியாதா?"

அந்தோணி செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

கறிக்கடைக்கு நானும் ஸ்டெல்லா அம்மாவும்தான் போனோம். மூன்று கிலோ வேண்டாம் என்றதும் கடைக்கார பாய் கத்தியை வைத்துவிட்டார். "என்னம்மா, ஈஸ்டருக்குக் கறி வேணாமா? வீட்ல யாருக்கும் ஒடம்புக்கு முடியலையா?" விஷயத்தைக் கேட்டவர் சிரித்தார். "நோம்பு வைக்கிறவங்க அருமை நோம்பு வைக்கிறவங்களுக்குத்தான் தெரியும். போய்ட்டு வாங்க. திங்கக்கெழம நல்ல கறியா எடுத்து வைக்கிறேன்."

ஞாயிறு காலை எட்டரைக்குக் கிளம்பினோம். போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்துக் கார் வாடகை இரண்டாயிரத்து நானூறு. எழுமலை ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டும்போது இடப்பக்கம் தெரியும் சமணர் மலையை முடிந்தால் இறங்கிப் பாருங்கள். கீழக்குயில்குடி வழியாகப் போக வேண்டும். நாங்கள் இறங்கவில்லை. பின்சீட்டில் என் மடியில் ஒரு தூக்குச்சட்டி தேங்காய்ச் சோறு, முத்துலட்சுமி மடியில் ஒரு தூக்குச்சட்டி பருப்புப் பாயசம்.

உசிலம்பட்டியில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது டிரைவர் அந்தோணியிடம், "அண்ணே, இங்க கறிதோசை அம்புட்டு நல்லாருக்கும், சொல்லவா?" என்று கேட்டார். அந்தோணி அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் மறுபடி வாயைத் திறக்கவே இல்லை.

ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம். காசியின் வீடு தெருவின் கடைசியில், அவர் சொந்தமாக வாங்கிய ஒரு ஏக்கர் நிலத்தை ஒட்டி. மஞ்சள் வேட்டி, கையில் மஞ்சள் காப்பு, தோளில் துண்டுமாக வாசலில் நின்றார். "வாங்க" என்றார். மகளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

தூக்குச்சட்டிகளைப் பார்த்ததும் முத்துலட்சுமியின் அம்மா பேச்சியம்மாளின் முகம் மாறியது. கணவரைத் திரும்பிப் பார்த்தார். காசி துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கோவிச்சுக்கிறாதீக. காப்புக் கட்டியிருக்கேன். வெளிச் சோறு ஆகாது."

முத்துலட்சுமி பாயசச் சட்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். இது விரதமா, இல்லை கல்யாணத்தன்று போலத்தானா என்று அவள் மனசு கேட்டது என் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

ஸ்டெல்லா அம்மா சேலை முந்தியை இடுப்பில் செருகினார். "வெளிச் சோறுதானே அண்ணே ஆகாது? ஒங்க அரிசி, ஒங்க பான, ஒங்க அடுப்பு. நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன். இங்கயே பொங்குறேன்."

காசி துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச்சியம்மாள்தான் மெல்லச் சொன்னார்: "தாளிக்கக் கூடாது மதினி. காப்பு அவுக்குற வரைக்கும் எண்ணெச் சட்டி அடுப்புல ஏத்த மாட்டோம்."

இந்த இடத்தில் ஸ்டெல்லா அம்மா திகைத்துவிட்டார். வாழ்நாளில் அவர் தாளிக்காமல் இறக்கிய குழம்பு ஒன்றுகூட இருக்காது. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், எங்கள் ஊர் இஷ்டுவில் கோழியை எடுத்துவிட்டால் தாளிக்க வேண்டிய அவசியமே இல்லை. உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம். இரண்டாம் பாலில் வேகவைத்து, முதல் பால் ஊற்றி இறக்க வேண்டியதுதான்.

பிறகு நடந்ததைப் பார்க்கத்தான் நான் மதுரைக்கு வந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது. பேச்சியம்மாள் தன் பானையை எடுத்துக் கழுவித் தந்தார். மூன்று பெண்கள் வரிசையாகத் தலைக்குக் குளித்தோம். அருள் கடைக்கு ஓடி உருளைக்கிழங்கு வாங்கி வந்தான். அந்தோணி சட்டையைக் கழற்றிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தார். "ஈஸ்டரும் அதுவுமா..." என்று முனகினார், ஆனால் ஐந்து மூடியையும் ஓடு தெரியத் துருவிக் கொடுத்தார். காசி வேப்பமரத்தடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினொன்றே முக்காலுக்கு இலை போட்டோம். காசி வந்து உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார். ஸ்டெல்லா அம்மா கரண்டியோடு நின்றார், ஊற்றவா வேண்டாமா என்று தெரியாமல்.

"எங்க அடுப்புல பொங்குனா எங்க சோறுதான். போடு தங்கச்சி" என்றார் காசி.

ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய். "இதுக்கு என்னத்தா பேரு?" என்று என்னிடம் கேட்டார்.

"இஷ்டு."

"இஷ்டமா? அப்ப இன்னுங் கொஞ்சம் ஊத்து."

எல்லோரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் இலையைப் பார்த்தபடியே பேசினார். "கல்யாணத்தன்னைக்கும் சாப்புட்ருப்பேன். எங்கப்பன் கூலி வேல பாத்த ஆளு. ஒரு பெரிய வீட்டு விசேசத்துல பந்தியில ஒக்காந்துட்டாருன்னு கையப் புடிச்சு எழுப்பி விட்டாக. நான் பக்கத்துல நின்னேன். ஒங்க கல்யாண மண்டபத்தப் பாத்ததும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. எம் மக பாக்க என்னைய யாரும் எழுப்பிறக் கூடாதுன்னு நானே போய்ட்டேன்."

முத்துலட்சுமி எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தோணி தன் இலையை எடுத்துக்கொண்டு, சோற்றோடு அப்படியே நகர்ந்து, காசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் பஸ்ஸு ஓட்டுனவன் மச்சான். யாரையும் எறக்கி விட்டதில்ல" என்றார். இருவரும் மறுபடி சோறு வாங்கிக்கொண்டார்கள். முகம் கழுவிக்கொண்டு வந்த முத்துலட்சுமிதான் பரிமாறினாள்.

ஈஸ்டர் என்றால் என்ன சாப்பாடு என்று இனி யாராவது கேட்டால் நான் உறுதியாகப் பதில் சொல்ல மாட்டேன். எங்கள் ஆப்பம், அவர்கள் கறிக்குழம்பு இரண்டுமே இல்லாத ஈஸ்டரைத்தான் நான் இதுவரை சாப்பிட்டதில் சிறந்ததாக நினைக்கிறேன்.

இந்தப் பக்கம் பங்குனி, சித்திரையில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போகும் ஊரில் காப்புக் கட்டியிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். கட்டியிருந்தால் கறி, முட்டை எதுவும் கொண்டு போகாதீர்கள். சமைத்ததைவிடத் தேங்காய், பழம், பூ கொண்டு போவது நல்லது. கார் வேண்டாம் என்றால் ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் அடிக்கடி உண்டு. அங்கே எழுமலைக்கு மாறிக்கொள்ளலாம். பத்து மணிக்கு மேல் வெயில் இரக்கமே காட்டாது. தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, யார் வீட்டிலாவது சாப்பிடவில்லை என்றால் கோபப்படுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது காசி கால் கட்டிய சேவல் ஒன்றைக் கொண்டுவந்து அந்தோணியின் மடியில் வைத்தார். "இங்க அறுக்கக் கூடாது. ஒங்க வீட்டுக்குக் கொண்டு போய்க் கொழம்பு வைங்க மச்சான். இம்புட்டு நாளு பொறுத்தீக." மதுரை வரை அந்தோணி அதை ஒரு கைக்குழந்தையைப் போலப் பிடித்துக்கொண்டு வந்தார்.

திங்கள் மதியம் நாங்கள் சேவல் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தோணியின் போன் அடித்தது. எச்சில் கையை உயர்த்திக்கொண்டு, இடது கையால் எடுத்தார். மறுமுனையில் காசி கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "வெந்துச்சா மச்சான்? பொங்கல் முடிஞ்சதும் நான் அங்க வாரேன். எனக்கும் ஒரு எல போட்டு வைங்க."