பல் டாக்டரும் வாத்துக்குஞ்சு வளர்த்த கோழியும்

பல் டாக்டர் தொழிலை விட்டுவிட்டுக் கிராமத்துக்குக் குடிவந்ததற்கு ஒரே காரணம், நிம்மதி. காலமெல்லாம் அடுத்தவர் அலறலைக் கேட்டே காது புளித்துப் போயிருந்தது அவருக்கு. கொஞ்சம் கோழி, கொஞ்சம் வாத்து, கொல்லையில் ஒரு குட்டை, மனுஷனுக்கு வேறென்ன வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். எச்சத்தைக் கழுவ ஓர் ஆள் வேண்டும் என்று அவர் மனைவி சொன்னாள். அது மட்டும் காதில் விழவில்லை.

நிம்மதி முதல் நாளே ஆரம்பித்தது. சேவல் ஜன்னலுக்குக் கீழே நின்று, விடிவதற்கு முன்பே விடிந்துவிட்டதாக அறிவித்தது. வாத்து என்றால் டாக்டர் மனதில் இருந்தது காலண்டர் படம்: நீலத் தண்ணீர், வெள்ளைச் சிறகு, ஓசையில்லாத மிதப்பு. வந்து சேர்ந்தவையோ குடிக்க வைத்த தண்ணீரைச் சேறாக்கின, கீரைப்பாத்தியை மிதித்துக் கூழாக்கின, ஓர் இலை அசைந்தாலும் பஞ்சாயத்து கூட்டின.

போகட்டும், சாய்ந்துகொள்ளவாவது இடம் இருந்ததா? ஆஸ்பத்திரியை மூடியபோது விற்க மனம் வராமல், பல் பிடுங்கும் நாற்காலியை டாக்டர் கூடவே கொண்டுவந்து வராந்தாவில் போட்டிருந்தார். சாய்த்தால் சாயும், மிதித்தால் உயரும். அதன் அருமை தெரிந்து சிவப்புப் பெட்டைக்கோழி ஏறி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கை நீட்டினால் கொத்தியது. டாக்டர் மரியாதையாக வாசற்படிக்கு இடம் மாறினார்.

வாத்துகளுக்கு அடைகாக்கிற வழக்கமெல்லாம் இல்லை. கண்ட இடத்தில் முட்டையிட்டுவிட்டு, அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நடையைக் கட்டின. டாக்டர் அவற்றைப் பொறுக்கிக் கோழிக்கு அடியில் வைத்தார்.

"பாவம், அதை ஏமாத்தறீங்களே," என்றாள் மனைவி.

"அதுக்கென்ன தெரியும்? முட்டைன்னா முட்டைதான்."

குஞ்சுகள் பொரித்தன. அலகு தட்டையாக இருந்ததைக் கோழி பெரிதுபடுத்தவில்லை. மண்ணைக் கிளறக் கற்றுக்கொடுத்தது. அவை தண்ணீர்க் கிண்ணத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. பெருமை முழுவதையும் டாக்டர் எடுத்துக்கொண்டார். அடைகாத்தது தானே என்கிற மாதிரிதான் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பேசினார்.

அந்த அம்மாளுக்குக் காட்டவேண்டும் என்றே ஒருநாள் வேலிக்கு அருகே அவளை வரச்சொல்லிவிட்டு, தாயையும் குஞ்சுகளையும் குட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனார். குஞ்சுகள் கரையில் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வரிசையாக இறங்கி மிதந்துபோய்விட்டன.

கோழி கத்திய கத்தலில் தையல்காரம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். கோழி கரை நெடுக இங்கும் அங்கும் ஓடியது. "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர், தொழில் பழக்கத்தில். அந்தக் குரலை நம்பி வாய் திறந்தவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். கோழியும் நம்பவில்லை. தண்ணீரில் குதித்துவிட்டது.

இறகு நனைந்து அது அமிழத் தொடங்கியதும் டாக்டர் செருப்போடு இறங்கினார். முழங்கால் ஆழம் என்று நினைத்த குட்டை மார்புவரை வந்தது. கோழியைப் பிடித்துவிட்டார். காப்பாற்றுகிறவரென்று அதற்கென்ன தெரியும்? ஏறும்போது முகத்திலேயே சிறகால் அடித்தது. கால் வழுக்கி, வாய் கல்லில் மோதி, முன்பல் ஒன்று போயிற்று. அப்போதும் அவர் பிடியை விடவில்லை.

குஞ்சுகள் சாவகாசமாகக் கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தன.

மனைவி துண்டோடு ஓடிவந்து முதலில் கோழியைத் துவட்டினாள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார். டவுனுக்குப் போய்ப் பல்லைக் கட்டிக்கொண்டு வரச்சொன்னாள். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். இன்னொருவர் நாற்காலியில் வாய் பிளந்து படுப்பதற்கு அவருக்குப் பயம். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

குட்டையில் விழுந்த அன்று சாயங்காலமே, கோழியை வைத்திருந்த அடுப்படிக் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குஞ்சுகள் ஈரச் சிறகுக்கு அடியில் முண்டிக்கொண்டிருந்தன. கோழி இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் சிறகை மடக்கவில்லை.

"அதுக்கு விஷயம் தெரியாமப் போச்சு," என்றார், காற்று போகிற வாயோடு.

"தெரிஞ்சிருந்தா மட்டும் விட்டிருக்குமா?" என்றாள் மனைவி.

டாக்டர் கூடையைக் கொஞ்சம் அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கடைசியில் பல் கட்ட அவள்தான் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். குஞ்சுகளுக்கு இறகு முளைத்த சமயத்தில், கோழி குட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகப் புழு தேடப் பழகிவிட்டது. டாக்டருக்குத்தான் இன்னும் பழகவில்லை. குஞ்சுகள் தண்ணீரில் இறங்கினால் போதும், கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கரையிலேயே நின்றுவிடுவார்.