கிராஃபைட்டா, நிக்கலா?

தேனாம்பேட்டையில் நான் வேலை பார்ப்பது ஒரு முதலீட்டு ஆலோசனை அலுவலகம். வெளிநாடுகளில் நிக்கல் தேடும் சின்னச் சின்னக் கம்பெனிகளின் ஆய்வு வரைபடங்கள் எங்களிடம் வரும். அவற்றை நம்பிப் பணம் போடலாமா என்று இரண்டு பேர் சொல்ல வேண்டும். நான் புவி இயற்பியல் படித்தவள். எதிர் மேசைக்காரர் பாறைகளைப் படித்தவர், சாந்தோம்காரர். கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்ததால் அலுவலகமே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். எந்த நிலத்தையும் நாங்கள் நேரில் பார்த்ததில்லை.

ஒரு கோடையில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வரைபடம் வந்தது. தரையில் பெரிய வளையமாகக் கம்பியை விரித்து, மின்சாரம் பாய்ச்சி, சட்டென்று நிறுத்துவார்கள். அடியில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பொருள் இருந்தால் அதன் எதிரொலி உடனே அடங்காது. இங்கே அடங்கவே இல்லை. நிக்கல் தாது அப்படித்தான் காட்டும். சங்கடம் என்னவென்றால், பென்சிலுக்குள் இருக்கிறதே கிராஃபைட், அதுவும் அப்படியேதான் காட்டும்.

"மிஸ், இது நிக்கல்தான்னு தோணுது" என்றேன்.

பக்கத்தில் எப்போதோ போட்ட துளையிலிருந்து எடுத்த பாறைகளின் படங்களை அவர் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தோணலையேம்மா. நிக்கலுக்கு ஆழத்துல இருந்து குழம்பா எழும்பி வந்த பாறை வேணும். இங்க அது மெல்லிசா இருக்கு. அதுக்கு மேல பாரு, கரி மாதிரி கறுப்பா. இதுல கிராஃபைட் இல்லாம போகாது."

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு வேளையில் இதே பேச்சு. அந்த நிலத்தில் எடுத்த காந்த அளவை நான் சொல்வேன், அவர் பாறைப் படத்தைக் காட்டுவார். அடையாறில் வீட்டுக்கு வந்து கொத்தமல்லி ஆயும்போதும் அந்தக் கறுப்புப் பாறைதான் கண்ணில் நின்றது. யோசிக்க யோசிக்க அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. திங்கட்கிழமை, கிராஃபைட் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

மிஸ் எனக்கு முன்பே வந்திருந்தார். "நேத்து பூசையிலகூட இதே யோசனைதான். நீ சொன்ன காந்த அளவை மறுபடி பார்த்தேன். கிராஃபைட் அப்படிக் காந்தம் காட்டாது. நிக்கலாத்தான் இருக்கணும்."

"மிஸ், நான் கிராஃபைட்னு எழுதிட்டேனே!"

எங்கள் மேலதிகாரி மயிலாப்பூர்க்காரர். இரண்டு அறிக்கைகளையும் மாற்றி மாற்றிப் படித்தார். "போன வாரம் நீங்க நிக்கல், இவங்க கிராஃபைட். இப்ப நீங்க கிராஃபைட், இவங்க நிக்கல். நான் க்ளையன்ட்கிட்ட என்னன்னு சொல்றது?"

கடைசியில் அவரே, க்ளையன்ட் போட நினைத்த பணத்தில் பாதியைப் போடலாம் என்று முடிவு செய்தார்.

துளையிட்ட முடிவு வந்த அன்று ஒரு கூட்டத்துக்காகத் தரமணிக்குப் போயிருந்தேன். போன் அடித்தது, மேலதிகாரி. "நிக்கல், மேடம்! ஷேர் ஏறிண்டே இருக்கு!" சந்தோஷப்படுவதா, என் அறிக்கை பொய்த்ததற்கு வருத்தப்படுவதா என்று தெரியாமலே பறக்கும் ரயிலில் ஏறினேன். மந்தைவெளி தாண்டுவதற்குள் மறுபடி அவர். "இறங்கறதே மேடம்! முழுசாப் படிச்சேளா இல்லையா?"

அலுவலகம் போய் முடிவறிக்கையைப் படித்தேன். தடிமனான கிராஃபைட், அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நிக்கல். தோண்டி எடுத்துக் கட்டுப்படியாகாது. ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது.

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார் மிஸ்.

"எப்ப சொன்னதைக் கேக்கறீங்க?"

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் படித்தது எதற்கு என்று இருந்தது.

பங்குகளை விற்றுவிட்டார்கள். சில மாதம் கழித்து அந்தக் கம்பெனி அதே துளைக்குள் கருவியை இறக்கிப் பார்த்தது. பக்கவாட்டில் இன்னோர் எதிரொலி, அதுவும் அடங்காமல். புது வரைபடத்தை எங்கள் மேசையில் வைத்துவிட்டு மேலதிகாரி அங்கேயே நின்றார்.

இரண்டில் எதுவும் இருக்கலாம், துளையிடாமல் சொல்ல முடியாது என்று எழுதினேன். மிஸ் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"இதைச் சொல்ல ரெண்டு பேர் எதுக்கு?" என்றார் மேலதிகாரி. ஆனாலும் அதை அப்படியே அனுப்பினார்.

அந்தக் கம்பெனி இன்னும் அங்கே துளையிடவில்லை.